தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி தவறு

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்கள், அது குளிர்நாட்டுக்கான சாமான்" என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

தெர்மோஸ்டாட் எந்த நாட்டிலும், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மறித்தும் விட்டும் எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் கதவு. பெரும்பாலும் 82 முதல் 90 பாகை செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். கழற்றினால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடச் செலவாகும். சில எஞ்சின்களிலோ, தண்ணீர் ரேடியேட்டரைத் தவிர்த்து எஞ்சினுக்கே திரும்பும் பக்கவழியை மூடுவதும் அதுதான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும், சூடு இன்னும் ஏறும்.

தெர்மோஸ்டாட் பழுதோ என்று சந்தேகமா? கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். அதில் பொறித்திருக்கும் பாகையை அண்டும்போது வால்வு மெல்ல விலகுவது கண்ணுக்கே தெரியும். விலகாவிட்டால் புதியது போடுங்கள்.

கல்முனைக் கடைத்தெரு நெரிசலில் மட்டும் சூடுகாட்டும் ஊசி ஏறினால் முதலில் ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அடிக்கடி குறைந்தும் வெளியே ஒழுக்கு தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டைச் சோதிக்க வேண்டும். அப்புறம், வாவிக்கரைக் கிணற்று உவர்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் காரின் சேவைக் கையேட்டிலும் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.