முன்ஹௌசன் பொய்யர் இல்லைங்க

நேத்து ராத்திரியில இருந்து அந்த மீம்ல என்னை டேக் பண்ணிக்கிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேன். அண்டப்புளுகுக் கதைகளுக்குப் பேர் போன முன்ஹௌசன் பிரபு பீரங்கிக் குண்டு மேல உட்கார்ந்து போறார், கீழே "உலகமகா புளுகன்". லைக் குவியுது. சந்தோஷம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: கதை சொல்றது வேற, பொய் சொல்றது வேற.

அந்த மனுஷனுக்குப் பேரும் ஊரும் உண்டு. ஹியரோனிமஸ் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபன் முன்ஹௌசன். 1720ல ஜெர்மனியில வேஸர் ஆத்தங்கரையில இருக்கிற போடன்வெர்டர்ல பிறந்தவர். பேருக்கு முன்னாடி பட்டம் இருந்துச்சு, பெரிய அதிகாரமெல்லாம் கிடையாது. பிரவுன்ஷ்வைக் இளவரசர் அன்டோன் உல்ரிஷுக்கு ஏவல் பையனா ரஷ்யா போய், ரீகாவுல குதிரைப்படையில இருந்தார். 1740ல லெப்டினன்ட். மறுவருஷமே ரஷ்ய அரண்மனையில ஆட்சியைக் கவுத்து இளவரசர் குடும்பத்தை உள்ள தூக்கிப் போட்டாங்க. நம்மாளுக்கு அடுத்த பதவி உயர்வு 1750ல. பத்து வருஷம்! புளுகிப் பிழைக்கத் தெரிஞ்சவன் இப்படியா காத்துக் கிடப்பான்?

அப்புறம் மனைவி யாக்கோபினேவோட ஊர் திரும்பி, வேட்டை, விருந்தாளிங்கன்னு இருந்தார். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பைப்பைப் பத்த வெச்சு, ஆவி பறக்கிற பஞ்ச்ங்கிற மது ஒரு கிளாஸ் முன்னாடி வெச்சுக்கிட்டுதான் ஆரம்பிப்பாராம். போகப் போகக் கையெல்லாம் ஆடும், முகம் சிவக்கும், தலையில இருக்கிற பொய்முடி அங்கேயும் இங்கேயும் திரும்பும். மத்த நேரத்துல உண்மையே பேசுற மனுஷன்னு அதைக் கேட்டவங்களே சொல்லியிருக்காங்க. கோட்டைக் கதவு விழுந்து குதிரை ரெண்டா போச்சு, முன்பாதி குடிக்கிற தண்ணியெல்லாம் பின்னாடி கொட்டுச்சுன்னு ஒருத்தர் சொன்னா, எதிர்ல இருக்கிறவன் நம்பியா ஏமாந்தான்? சிரிக்கத்தானே வந்தான்!

யார் திருடன்னு கேளுங்க, சொல்றேன். ருடால்ஃப் எரிஷ் ராஸ்பே. ஜெர்மனியில காஸலை ஆண்ட பிரபுவோட சேகரிப்புக்குக் காவலா இருந்து, அங்க இருந்த நாணயங்களையே எடுத்து வித்துட்டு 1775ல இங்கிலாந்துக்கு ஓடினவன். 1785ல லண்டன்ல இந்தக் கதைகளைப் புத்தகமாப் போட்டான். தன் பேரைப் போடல. உயிரோட இருக்கிற மனுஷன் பேரைப் போட்டான். அடுத்த வருஷமே பியூர்கர்ங்கிற ஜெர்மன் கவிஞர் அதை ஜெர்மனுக்குக் கொண்டு வந்து, கூடவே சொந்தச் சரக்கும் சேர்த்தார். உங்க மீம்ல வர்ற பீரங்கிக் குண்டு சவாரி அப்படிச் சேர்த்ததுதான். அதுக்கும் பழி இவர் தலையில.

"அதனாலதானே அவர் பேர் இன்னும் நிக்குது"ன்னு ஒருத்தர் வருவார், தெரியும். நிக்குதுங்க, "பொய்க்காரப் பிரபு"ன்னு நிக்குது. அவர் உயிரோட இருந்தப்பவே வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வர்றவங்களை வேலைக்காரங்க விரட்ட வேண்டியிருந்துச்சு. 1951ல ஒரு டாக்டர், இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறுறவங்களுக்கு இவர் பேரையே வெச்சார். இவர் எந்த ஆஸ்பத்திரியில போய் நடிச்சார்?

எழுபத்து மூணு வயசுல சின்னப் பொண்ணைக் கட்டி, விவாகரத்து வழக்குல காசைத் தொலைச்சாரேன்னு கேப்பீங்க. தப்புதான். அதுக்கு நான் வாதாட வரல. அதுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு. எங்க பெரியப்பா ராணுவத்துல இருந்தவர். லடாக் குளிர்ல சுபேதார் திட்டின வார்த்தை அப்படியே உறைஞ்சு நின்னு, மறுநாள் வெயில் வந்ததும் வரிசையா கேட்டுச்சும்பார். முன்ஹௌசன் கதையிலயும் தபால் வண்டிக்காரன் ஊதின ஊதுகொம்பு உறைஞ்சு போய், சத்திரத்து அடுப்புச் சூட்டுல தானா இளகிப் பாடும். பெரியப்பா அந்தப் புத்தகத்தைக் கண்ணால பார்த்ததில்ல. நாங்க ஆறேழு பசங்க திண்ணையில விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருத்தனும் அதை நம்பல, ஒருத்தனும் எழுந்து போகவும் இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அவர் பேசுறதை வீடியோ எடுத்து, "புளுகு மூட்டை"ன்னு எழுதி, பின்னணியில சிரிப்புச் சத்தம் போட்டு குரூப்ல விட்டான். அது ஊரெல்லாம் சுத்துச்சு. டீக்கடையில கூட "என்ன மிலிட்டரி, இன்னிக்கு என்ன உறைஞ்சுச்சு?"ன்னாங்க. நானும் அந்த வீடியோவுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். ஆமா, நான்தான்.

போன பொங்கலுக்கு, "பெரியப்பா, அந்த சுபேதார் கதையைச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். "எதுக்குப்பா, யாராவது படம் புடிச்சுக்கிட்டு இருப்பாங்க"ன்னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.