"டூப்பே போடலையாம்!"

ஒரு நடிகை சண்டைப் படத்தில் நடித்துவிட்டால் போதும். டைம்லைன் முழுக்க இந்த ஒரு வரிதான் ஓடுகிறது. கூடவே ரோப்பில் தொங்குவதுபோல ஒரு படம், காலில் கட்டோடு சிரிப்பதுபோல இன்னொரு படம். அந்தக் காட்சியில் அந்தப் பெண் என்ன நடித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எலும்பு முறிந்ததா? சரி, நல்ல நடிகை.

இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவே இல்லை. ஹாங்காங் சண்டைப் படங்களில் பெயர் வாங்கிய நடிகை மிஷெல் யோவை வைத்துச் சொல்கிறேன்.

1962இல் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். நான்கு வயதிலிருந்து பாலே. அதையே தொழிலாக்கிக்கொள்ளும் ஆசையில் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தார். அங்கே முதுகெலும்பில் அடிபட, மேடைக் கனவு முடிந்தது. 1983இல் மிஸ் மலேசியா, அப்புறம் ஹாங்காங். சின்ன வயதிலிருந்தே குங்ஃபூ கற்ற ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. முதல் படத்தில் காப்பாற்றப்பட வேண்டிய பெண்ணாகத்தான் நடித்தார். ஆண்கள் சண்டை போடுவதை ஓரமாக நின்று பார்த்தவருக்கு அது நடனமாகத் தெரிந்ததாம். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே, 1985இல், போலீஸ் அதிகாரியாக அடித்து ஆடும் நாயகி.

நடனமாகத் தெரிந்தது என்பதை நான் அப்படியே நம்புகிறேன். பதினோரு வருடம் பரதம் ஆடி, முட்டி ஒத்துழைக்காமல் நிறுத்தியவள் நான். ஹாங்காங் படச் சண்டைகளைப் பார்த்தால் எனக்குக் கோர்வைதான், தாளத்துக்குள் கோத்த அடவு வரிசைதான், ஞாபகம் வரும். ஏழெட்டு அசைவு, ஒரு நிறுத்தம், மறுபடி ஏழெட்டு. எதிராளியின் கை வரும் தாளத்தில் நம் தலை விலக வேண்டும். அரைத் தாளம் முந்தினால் பொய், அரைத் தாளம் பிந்தினால் மூக்கு போச்சு. இவ்வளவையும் எண்ணிக்கொண்டே, எண்ணுவது முகத்தில் தெரியாமல், கோபமோ பயமோ காட்ட வேண்டும். முட்டி மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டியில் தொடை நடுங்க, முகத்தில் சிருங்காரம் காட்டியவர்களுக்கு இது புரியும்.

1992இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில் மோட்டார் சைக்கிளோடு ஓடும் ரயில்மேல் தாவுவார். அதற்கு முன் அவருக்கு பைக் ஓட்டவே தெரியாது. நீ இப்படிச் செய்தால் நான் அதற்கும் மேலே ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஜாக்கி சான் புலம்பினாராம். நல்ல கதைதான், நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே படத்தின் முடிவில், பெயர்கள் ஓடும்போது காட்டும் தவறிய ஷாட்களைப் பாருங்கள். ஓடும் காரின் முன்பக்கத்திலிருந்து வழுக்கி நடுரோட்டில் விழுகிறார். ஜாக்கி சான் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார், பிடி கிடைக்கவில்லை. அதை நாம் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்து ரசித்தோம்.

நாலு வருடம் கழித்து, ஆன் ஹுய் இயக்கிய 'தி ஸ்டண்ட் வுமன்'. ஸ்டண்ட் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அதற்காக மேம்பாலத்திலிருந்து லாரிமேல் குதித்தபோதுதான் மிக மோசமாக அடிபட்டார். கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, இத்தோடு போதும் என்று நடிப்பையே விட்டுவிட யோசித்திருக்கிறார். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவருடைய பெரிய வேடங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

2000இல் வந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் காயம் உண்டு. படப்பிடிப்பின் ஆரம்பத்திலேயே முட்டி எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஏசிஎல் லிகமென்ட் கிழிந்து, அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பி வந்தார். போதாததற்கு அந்தப் படம் பேசும் சீன மொழியான மாண்டரின் அவருக்குப் பேச வராது. வசனங்களை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். (தமிழே தெரியாமல் தமிழ் வசனம் பேசும் நடிகைகளைக் கிண்டலடிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.)

ஆனால் அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது முட்டிக்காக இல்லை, அந்தப் பயிற்சிக்கூடச் சண்டைக்காக. எதிரே இளம் நடிகை ஸாங் ஸீயி, கையில் எதையும் வெட்டும் வாள். இவர் ஓர் ஆயுதத்தை எடுப்பார், அது துண்டாகும். அடுத்ததை எடுப்பார், அதுவும் போகும். ஒரு கனத்த ஆயுதத்தைத் தூக்கப் போய் அதன் எடையிலேயே தடுமாறுவார். தியேட்டரே சிரிக்கும். கடைசியில் உடைந்த வாளை அந்தப் பெண்ணின் கழுத்தில் வைப்பார். வென்றாயிற்று, ஆனால் அழுத்த மாட்டார். அந்தத் தயக்கத்தில் எதிராளி இவர் கையைக் கீறிவிடுவாள். காதலைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் வருடக்கணக்காக அடக்கிவைத்த ஒருத்தியின் குணம் முழுக்க, கழுத்தில் நின்றுபோன அந்த வாளில் இருக்கிறது. யுவன் வூ-பிங் கம்போஸ் செய்த சண்டை அது. அங்கங்கே ரோப் இருந்திருக்கும், டூப்பும் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன?

2023இல் ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம் இன்னும் வேடிக்கை. 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் அவர் சலவைக்கடை நடத்தும், வரிக் கணக்கில் மாட்டிக்கொண்ட நடுத்தர வயதுப் பெண். முதலில் ஜாக்கி சானை மனத்தில் வைத்து எழுதிய கதையாம் அது. முப்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை போட்டு ஊறிய உடம்பு, கையை எங்கே வைப்பது என்றே தெரியாதவள்போல முழிக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவரைத் தாளம் தப்பி ஆடச் சொல்லிப் பாருங்கள். உடம்பு கேட்காது, தானாகச் சரியாகப் போய் நிற்கும். அதை ஒவ்வொரு ஷாட்டிலும் தடுத்து நிறுத்த வேண்டும். அறுபதை நெருங்கும் வயதில் அவர் செய்த மிகக் கஷ்டமான ஸ்டண்ட் அதுதான் என்பேன்.

நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்' என்று தமிழில் டப்பாகி வந்த 'கர்த்தவ்யம்' தெலுங்குப் படத்துக்காக விஜயசாந்திக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதே கிடைத்தது. அந்த லத்தியை மறக்க முடியுமா? ஆனாலும் அந்தப் பாதையில் நாம் ரொம்ப தூரம் போகவில்லை.

அப்புறம், டூப் போடவில்லை என்று கொண்டாடும்போது இன்னொருவரைக் கேவலப்படுத்துகிறோம். டூப் போடுவது ஒரு தொழில். கதாநாயகிக்குப் பதில் விக் வைத்த ஆணைக் குதிக்கவிட்ட காலம் போய், பெண்களே அந்த வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஃபைட் மாஸ்டர் ஒரு ஷாட்டுக்கு டூப் கேட்டால், நடிகை பயந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நாளைக்கும் அவர் முட்டி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று இரவு அந்தப் பயிற்சிக்கூடக் காட்சியை மறுபடி பார்க்கப் போகிறேன். சத்தத்தை நிறுத்திவிட்டு, தாளம் மட்டும் போட்டுக்கொண்டு.