பொலிகாளைக்குச் செய்யும் சோதனையை மணமக்களுக்கும் செய்வோம்

கடந்த மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடி, என் அக்காவின் மூத்த மகளை என் தம்பிக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். பெண்ணுக்கு 22 வயது, தம்பிக்கு 28. தாய்மாமன் உரிமை, நிலம் கைமாறிப் போகாது, பெண் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்று எல்லாக் காரணங்களும் வந்தன. அக்காவின் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது என்பதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். நல்ல காரியம் பேசும் இடத்தில் இதைப் பேசலாமா என்று என்னை அடக்கிவிட்டார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை, அக்காவிடமும் மாமாவிடமும் அனுமதி பெற்று, இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். எங்கள் உறவினர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

ஆந்திரத்தின் குப்பம் ஊருக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், மண்டல அலுவலகத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். பத்தொன்பது ஆண்டுகளாகக் கோபாலமித்ராவாக ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். நைட்ரஜன் கேனுக்குள் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கும் ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியின் மேலும் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் நான் எந்த மாட்டையும் விட்டு வந்ததில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பசுவின் கிடாரி பருவத்துக்கு வரும்போது, அதன் தகப்பன் காளையின் ஊசியையே அதற்கும் போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். இதைப் படித்தவர்கள் சொல்லித்தான் எங்கள் விவசாயிகள் தெரிந்துகொண்டார்கள் என்று இல்லை. வீட்டில் பிறந்த காளைக் கன்றைத் தாயோடும் உடன்பிறந்த கிடாரியோடும் சேர விடாமல், சந்தையில் விற்றோ பக்கத்து ஊரில் மாற்றிக்கொண்டோ வந்தவர்கள்தான் எங்கள் தாத்தாக்கள்.

அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை இப்போது புங்கனூர் மாடுகளில் பார்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புங்கனூரின் பெயரைத் தாங்கிய இந்தக் குட்டை இனம் அழியும் நிலைக்குப் போய், பலமநேர் ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் ஓரளவு மீண்டது. 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தம் இல்லத்தில் இம்மாடுகளுக்குத் தீவனம் ஊட்டும் படங்கள் வந்த பிறகு, இன்னும் குள்ளமான கன்று, கையில் தூக்கும் அளவுக் கன்று என்று கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த ஆசைக்காக அண்ணன் தங்கையான மாடுகளையே இணை சேர்ப்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். எண்ணிக்கையில் சுருங்கி மீண்ட ஓர் இனத்தில் இது மிகவும் தவறான காரியம். உயரத்தைக் குறைக்கும் மரபணு இரண்டு பக்கமும் சேரும்போது, நாம் கேட்காத வேறு பலவும் அதே வழியில் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடுகின்றன.

சேருவது எப்படி என்பதை ஒரு காளையின் கதை எனக்குப் புரிய வைத்தது. அமெரிக்காவில் 1962-இல் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை ஒன்று இருந்தது. பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்பது அதன் பெயர். பால் பெருக்கத்துக்கு அதைப் போன்ற காளை இல்லை என்று உலகமே அதன் விந்தை வாங்கியது. 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப்பேத்திகள் என்று அதன் வம்சம் பரவியது. அந்தக் காளையிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருந்தது. மற்றொன்று நன்றாக இருந்ததால் காளைக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்கும் இல்லை, பேத்திக்கும் இல்லை. ஆனால் தாய் வழியிலும் தந்தை வழியிலும் சீஃபின் இரத்தம் ஓடும் மாடுகள் தமக்குள் சேர்ந்தபோது, பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கருக்கள் வயிற்றிலேயே கலைந்தன. உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,25,000 கருக்கள் இப்படிப் போயிருக்கும் என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

கண்டுபிடித்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. சினை பிடிக்கவில்லை என்றால் ஊசி போட்டவன் சரியில்லை, தீவனம் சரியில்லை என்றுதான் எல்லா நாட்டிலும் சொல்வார்கள். யாரும் காளையைச் சந்தேகிக்கவில்லை. 2011-இல் அமெரிக்க வேளாண் துறையினர், ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளை அடுக்கி வைத்து, வந்திருக்க வேண்டியும் வராதவற்றைத் தேடினார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டை ஒற்றையாகச் சுமக்கும் மாடுகள் ஏராளமாக இருந்தன. கணக்குப்படி அதை இரட்டையாகச் சுமக்கும் மாடுகளும் சில இருந்தாக வேண்டும். உயிரோடு ஒன்றுகூட இல்லை. பிறக்காத கன்றுகளை எண்ணித்தான் பழுது இருக்கும் இடத்தைப் பிடித்தார்கள். பிறகு சீஃபின் மரபணுவையே படித்துப் பார்த்தபோது, ஒரு புரதத்தைக் கட்டும் கட்டளையின் நடுவில் 'நிறுத்து' என்ற குறி முளைத்திருந்தது. இன்று நம் நாட்டிலும் உறைவிந்து நிலையத்தில் சேர்க்கும் ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு, பிளாட், சிட்ருலினீமியா போன்ற ஒளிந்திருக்கும் மரபுக் குறைகள் உண்டா என்று இரத்தச் சோதனை செய்தாக வேண்டும் என்பது விதி. குறையைச் சுமக்கும் காளை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் விந்து என் கேனுக்கு வராது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் அக்காவை அம்மாவின் கடைசித் தம்பிக்குக் கொடுத்தோம். மூத்த பெண் நல்லபடியாகப் பிறந்தாள். அடுத்துப் பிறந்த மகனுக்குக் காது கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு மூன்று வயதாகியிருந்தது; பேச்சு தாமதமாக வரும் பிள்ளை என்று அவ்வளவு காலம் எங்களையே ஏமாற்றிக்கொண்டோம். மூன்றாவதாகப் பிறந்த பெண்ணுக்கு முன்பே தெரிந்ததால், அரசுக் காப்பீட்டில், காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த முடிந்தது. அவள் இன்று பேசுகிறாள், என்னோடு தெலுங்கில் சண்டை போடுகிறாள். அவள் அண்ணன் சைகையில் பேசுகிறான், தையலில் எங்கள் ஊரிலேயே அவனுக்கு இணை இல்லை. இந்தப் பிள்ளைகளைக் குறையானவர்கள் என்று நான் எழுதவில்லை. அவர்களுக்கு எப்படி இப்படி ஆனது என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஊர் சொன்ன பதில், அக்காவின் வயிறு சரியில்லை என்பதுதான். கிரகணத்தில் வெளியே போனாள், சாபம், தோஷம் என்று பத்து ஆண்டுகள் அவளைக் கோயில் கோயிலாக அலைய வைத்தார்கள். ஒரு மருத்துவமனையில், 'தாய் வழியில் வந்திருக்கும்' என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினார்கள். அவள் அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு இருந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வேறொரு மருத்துவமனையில் மரபணுச் சோதனை செய்து பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

ஜிஜேபி2 என்ற மரபணு நம் 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. காதுக்குள் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஓர் உயிரணுவிலிருந்து அடுத்த உயிரணுவுக்குப் பொட்டாசியத்தைக் கடத்தும் சிறு வாயில்களை அது கட்டித் தருகிறது. அந்த வாயிலுக்கான புரதம், 226 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்து முடிக்க வேண்டிய மாலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் 24-ஆம் மணி வர வேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்ற குறி இருக்கிறது. சீஃபின் மரபணுவில் இருந்ததும் இதே வகைப் பழுதுதான். இந்தியாவில் பிறவிக் காது கேளாமையுள்ள குடும்பங்களில் இந்த மரபணுவில் அடிக்கடி காணப்படும் மாற்றம் இது. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் காது முழுமையாகக் கேட்கும். இரண்டும் பழுதானால்தான் கேட்காது. ஆகவே இந்தப் பழுதால் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்தே தீர வேண்டும். அக்காவிடம் இருந்தது, மாமாவிடமும் இருந்தது. சோதித்ததில் அம்மாவிடமும் இருந்தது, என்னிடமும் இருக்கிறது. ஆயாவோ தாத்தாவோ சுமந்த ஒரே நூல், அம்மா வழியாக அக்காவுக்கும் நேராக மாமாவுக்கும் போய், பிள்ளைகளிடம் மீண்டும் சந்தித்துக்கொண்டது.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று நம் முன்னோர் சொன்னது சேலையில் தெரியும் நூலை வைத்துத்தான். மேலே தெரியாமல் உள்ளே ஓடும் நூலும் உண்டு. நம் கணக்கில் அது அகப்படாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது கோத்திரமும் வீட்டுப்பெயரும் வேறாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் தகப்பன் வழியில் மட்டும் போகிறவை. அக்கா மகளின் வீட்டுப்பெயர் அவள் தகப்பனுடையது என்பதால், தாய்மாமனும் அவளும் வேறு வேறு வீடு என்று கணக்கு சொல்லிவிடும். மரபணுவோ பாதி தாயிடமிருந்து வருகிறது. அந்தப் பாதியைக் கோத்திரம் பார்ப்பதே இல்லை.

சொந்தத்தில் கட்டுவதால் புதிதாகக் குறை பிறப்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நம்மில் எல்லோரிடமும் ஒளிந்திருக்கும் பழுதுகள் சில உண்டு. பெரும்பாலான சொந்தத் திருமணங்களில் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். 'எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று எங்கள் பெரியம்மா சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு பழுதை நூறு பேரில் ஒருவர் சுமப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உறவில்லாத இருவர் மணந்தால் இருவரிடமும் அது இருக்க 10,000-இல் ஒரு வாய்ப்பு. தாய்மாமனும் மருமகளும் மணந்தால் அது ஏறத்தாழ 400-இல் ஒன்றாக ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் திருமணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சொந்தத்தில் மணந்தவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நாடு முழுவதற்கும் அது 11 விழுக்காடுதான். ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

எங்கள் வீட்டிலோ பொதுக் கணக்கே வேண்டாம், நேரடிக் கணக்கு இருக்கிறது. அக்கா, மாமா இருவரும் பழுதைச் சுமக்கிறார்கள் என்பதால், காது நன்றாகக் கேட்கும் அவர்கள் மகளிடம் அது ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. என் தம்பியிடம் இருக்க இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பதும் இல்லை. மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று வருகிறது. சோதனை செய்துவிட்டால் இந்தப் பெருக்கலே வேண்டியதில்லை. குடும்பத்தில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டதால், அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். கொஞ்சம் இரத்தம், சில வாரக் காத்திருப்பு, அவ்வளவுதான்.

சொந்தத்தைத் தவிர்த்துவிட்டால் கவலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களின் மரபணுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், மிகச் சிலரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்து வந்தவை. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டால், உறவு முறை சொல்லத் தெரியாதவர்களும் மரபணுவில் உறவினர்களே. எங்கள் பகுதியில் பரவலாக வாழும் வைசிய சமூகத்தை அந்த ஆய்வு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி அவர்களில் சிலருக்கு இருப்பதில்லை. சில நிமிடங்களில் தீர வேண்டிய தளர்ச்சி பல மணி நேரம் நீடித்து, மூச்சுவிட முடியாமல் போகும். இது தெரிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டு வேறு மருந்து தருகிறார். இதில் எந்தச் சமூகத்துக்கும் இழிவு இல்லை. தெரிந்து வைத்திருப்பது உயிரைக் காக்கிறது.

தம்பி என்னிடம் ஒன்று கேட்டான்: எல்லாவற்றையும் திருத்தும் மருந்து வரப்போகிறதாமே, பிறகு எதற்குக் கவலை? சீனாவில் ஓட்டோஃப் என்ற மரபணு பழுதாகிக் காது கேட்காத ஆறு குழந்தைகளுக்கு, தீங்கு செய்யாத வைரஸ் ஒன்றின் வழியாக நல்ல பிரதியைக் காதுக்குள் செலுத்தி, ஐந்து பேருக்குக் கேட்க வைத்தார்கள்; 2024-இல் அந்த முடிவு வெளிவந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அது வேறு மரபணு. அங்கே நத்தைக்கூட்டுக்குள் இருக்கும் உயிரணுக்கள் சரியாக இருந்து, செய்தி அனுப்பும் புரதம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுப் பழுதின் கதை வேறு. எப்போதோ வரப்போகும் மருந்தை நம்பி இன்று செய்ய முடிந்த சோதனையைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கருவிலேயே மரபணுவைத் திருத்துகிறேன் என்று 2018-இல் சீனத்தில் ஒருவர் செய்தது சிறையில் முடிந்தது, அது முடிய வேண்டிய இடமும் அதுதான்.

நான் யாருடைய திருமணத்தையும் தடுக்கவில்லை. பிறவிக் காது கேளாமை, பிறவிப் பார்வைக் குறை, இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா போன்றவை ஏற்கெனவே வந்திருக்கும் குடும்பத்தில், அடுத்த சொந்தச் சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன் மணமக்கள் இருவரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டால் வழி சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று இரண்டு மாநில அரசுகளையும் கேட்கிறேன். ஒருவரிடம் பழுது இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு வரன் கிடைக்காமல் போகுமே என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. அதனால்தான் என்னிடமும் அது இருக்கிறது என்று பெயர் சொல்லும் இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். எனக்குச் சொந்தத்துக்கு வெளியே, அசலில் பெண் எடுத்தோம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் நன்றாகக் காது கேட்கிறது.

திண்ணையில் என்னை அடக்கியபோது, உள்ளே காபி கலக்கிக்கொண்டிருந்த அக்கா மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று இரவு அவளே வந்து, "மாமா, சின்ன மாமாவையும் கூட்டிக்கொண்டு எப்போது போகலாம்?" என்றாள். போன திங்கட்கிழமை இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரத்தம் கொடுத்தார்கள். முடிவு வரும் வரை தாம்பூலம் மாற்ற வேண்டாம் என்று அக்கா பெரியவர்களிடம் சொல்லிவிட்டாள்.