காளானைச் சுரண்டினால் மரம் பிழைக்குமா?

"மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளானைச் சுரண்டி எறிந்து, அந்த இடத்தில் மருந்து பூசினால் மரம் பிழைத்துவிடும்" என்றொரு தகவல் பரவி வருகிறது. இது தவறு. நம்பினால் ஆபத்தும்கூட.

வெளியே தெரியும் தட்டு, பூஞ்சையின் வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. மாமரத்தில் மாங்காயைப் பறித்தால் மரம் போய்விடுமா? அதே கதைதான். பூஞ்சையின் உடல் நூல் நூலாக மரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கட்டைக்கு உறுதி தரும் லிக்னினையும் செல்லுலோஸையும் நொதிகளால் கரைத்து உண்ணும். தட்டு வெளியே வரும்போது உள்ளே அழுகல் பெரும்பாலும் வெகுதூரம் போயிருக்கும்.

தட்டின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் தெரியும். வித்துகள் அவற்றின் வழியாகத்தான் கொட்டுகின்றன. சுரண்டும்போது பட்டையைக் காயப்படுத்தினால், புதுப் பூஞ்சைக்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோம்.

தட்டு முளைத்தாலே மரத்தை வெட்டிவிட வேண்டும் என்பதும் சரியல்ல. நடுவைரம், அதாவது மரத்தின் மையக் கட்டை, அழுகினாலும், வெளிச்சுற்றில் உயிருள்ள கட்டை போதிய அளவு இருந்தால் மரம் பல்லாண்டு நிற்கும். ஆனால் அடிமரத்திலோ வேரிலோ தட்டு முளைத்திருந்தால் அலட்சியம் கூடவே கூடாது. இலை பச்சையாக இருக்கும்போதே அப்படிப்பட்ட மரம் காற்றில் சாயலாம். அதன் கீழே ஆட்களோ வண்டிகளோ நிற்காமல் பார்த்துக்கொண்டு, மரநலம் அறிந்தவரை உடனே அழைத்துக் காட்டுங்கள்.