கழுவுவதற்கு முன் காட்ட வேண்டியது

யாழ்ப்பாணத்தில் பிரஷர் வோஷ், அதாவது மெசினால் அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சித் தரையும் சுவரும் கழுவும் தொழில் செய்யும் எவரையும் கேட்டுப் பாருங்கள். கூலியை இழுத்தடிப்பதோ, வேலையின் நடுவில் மெசின் நின்றுபோவதோ எங்களைப் பெரிதாக வருத்துவதில்லை. "நீங்கள் கழுவிய பிறகுதான் இப்படி ஆனது" என்ற ஒரு சொல்தான் நெஞ்சில் தைக்கும்.

அது பல வேளைகளில் அநியாயமான பழி. ஆனாலும் அதைச் சொல்கிற வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முற்றத்துச் சீமெந்தில் பாசி பிடிக்கிறது. தை, மாசி வெயிலில் அது காய்ந்து கறுத்துப் படிகிறது. முன்பு யாரோ தவறாகக் கழுவி அரித்துவிட்ட இடங்களில்தான் அது இன்னும் தடிப்பாகப் பிடிக்கும். மேலிருந்த வழவழப்பான சீமெந்துப் பூச்சு போய்விட்டால் அடியில் இருக்கும் மணலும் சல்லியும் ஈரத்தை விடாமல் வைத்திருக்கும், பாசிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆகவே பழைய பழுதைப் பாசியே மூடி மறைத்துவிடுகிறது. அடுத்து வருகிறவர் எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும், பாசி போனதும் அடியில் இருந்த அரிப்பு அப்படியே வெளியில் வருகிறது. பழி கடைசியாகத் தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடித்தவரின் தலையில் விழுகிறது.

இதற்கு ஒரே வழிதான் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் சொட்டுத் தண்ணீர் விழுவதற்கு முன், காய்ந்த தரையில், வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டு இருக்கிற பழுதுகளைக் காட்ட வேண்டும். படம் எடுக்க வேண்டும். கழுவினால் எது போகும், எது போகாது என்று விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். கழுவிய பிறகு சொல்லும் உண்மை சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

"காய்ந்த தரையில்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நனைந்த சீமெந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுத்துத் தெரியும், பழுதெல்லாம் மறைந்துவிடும். மழை விட்ட கையோடு போய்ப் பார்த்து விலை சொல்வது இருட்டில் துணி வாங்குவதற்குச் சமம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால், நண்பகலில் தெரியாத கோடுகள்கூட நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

கொக்குவில் பக்கத்தில் ஒரு வீடு. உரிமையாளர் கனடாவில் இருக்கிறார், வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய பெரியம்மா. போர்ட்டிகோவிலிருந்து கேற் வரைக்கும் சீமெந்து முற்றம். பாசிக்கு நடுவே விரலகலத்தில் நீளமான கோடுகள் ஓடின. கேற்றுக்கு அருகில் அந்தக் கோடுகள் விசிறி போல வளைந்திருந்தன. முன்பு வந்தவர் ஓரிடத்தில் நின்றபடியே கையை வீசியிருக்கிறார் என்பதை அந்த வளைவு சொன்னது. ஒரு மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம். அதற்கு அருகில் பழைய பெயின்ற் சொட்டுகள் கிடந்தன. அப்படி ஒரு சொட்டை எடுப்பதற்காக தண்ணீர் பாயும் முனையான நொசிலைத் தரையோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார்கள். நான் உள்ளங்கையால் தேய்த்தேன், கையோடு மணல் வந்தது. பெரியம்மாவையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். "தம்பி, இது பாசி என்றல்லவா நான் நினைத்திருந்தேன்" என்றார்.

என்ன நடந்திருக்கும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். நொசில்களுக்கு நிறம் இருக்கிறது. சிவப்பு பூச்சியப் பாகை, தண்ணீர் ஊசி போலப் பாயும். மஞ்சள் 15 பாகை, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பை வைத்துத் தரை கழுவுவது கத்தியால் கோடு இழுப்பதுதான். வீட்டுப் பாவனைக்கான சிறிய மெசின்களே 100 பார் அளவில் அழுத்தம் தரும், அதாவது ஏறத்தாழ 1450 பிஎஸ்ஐ. பெற்றோல் மெசின்கள் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் வேலை முடிக்கும், பல மடங்கு வேகத்தில் கெடுக்கவும் செய்யும். அழுத்தம் கூடினால் சுத்தம் கூடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் வேரூன்றிவிட்டது. வீட்டுக்காரர்களும் "இன்னும் கொஞ்சம் கூட்டி அடியுங்கள்" என்கிறார்கள். பாசி உயிருள்ள பொருள். அதைக் கொல்ல வேண்டும், செதுக்க வேண்டியதில்லை. ஒரு வீத அளவுக்கு ஐதாக்கிய சோடியம் ஹைப்போகுளோரைட் (வெளுப்புத் திரவம்) கரைசலைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காயாமல் விட்டால், பிறகு குறைந்த அழுத்தத் தண்ணீரே போதும்.

கனடாவில் இருப்பவருக்குப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "கோடு விழாத இடத்தையும் அதே அளவுக்கு அடித்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க முடியாதா?" முடியும். ஆனால் அதற்கு முற்றம் முழுவதன் மேற்பூச்சையும் உரிக்க வேண்டும். அடுத்த மாரியில் முழு முற்றமும் பச்சையாகிவிடும், வயதான ஒருவர் தினமும் நடக்கிற இடம் அது. அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். பாசியைக் கொன்று, வட்டத் தட்டுக்குள் நொசில் சுழலும் கருவியால் மென்மையாகக் கழுவித் தருவேன், கோடுகள் இருக்கும், ஆனால் கறுப்பு நிறம் போவதால் இப்போது போலத் துருத்தித் தெரியாது என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து காய்ந்த பிறகு எடுத்த படத்தையும் முன்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. அவரிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை.

அழுத்தத்தால் வரும் பழுது இவ்வளவுதான். அமிலம் வேறு கதை, அதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

நாங்கள் வாழும் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இந்தக் கல்லை அகழ்ந்துதான் சீமெந்து செய்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். சுண்ணாம்புக்கல் மதிலையும், சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவரையும், சீமெந்துத் தரையையும், மாபிள் துண்டுகள் பதித்த தரையையும் அது ஒன்றுபோலத் தின்னும். ஊற்றியதும் நுரைத்துப் பொங்கும், பார்ப்பவருக்கு அழுக்கு வெளியேறுவதாகத் தோன்றும். பொங்குவது உங்கள் வீடு!

வட்டுக்கோட்டையில் ஒரு நாற்சார் வீட்டின் (நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய வீடு) வெளிச் சுவரில் இதைப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பளவுக்கு அமிலம் அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலே சாந்து இன்னும் வழவழப்பாக இருக்கிறது. கீழே சாந்து கரைந்துபோய்க் கல் வெளியே வந்து, கல்லில் பதிந்திருந்த சிப்பியின் விளிம்புகூட விரலுக்குத் தட்டுப்பட்டது. சுவரைத் தொட்டால் வெள்ளைத் தூள். அந்த வீட்டார் என்னைக் கூப்பிட்டது மிச்சக் கறையையும் எடுப்பதற்கு. கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சுவருக்கு வேண்டியது மெசின் அல்ல, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன். சீமெந்தை அப்பி அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துக் கல் இன்னும் உதிரும். சுண்ணாம்புச் சாந்தால் திருத்தி, பழையபடி சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முற்றத்தில் ஊற்றுவது எங்கே போகிறது? சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் ஓட்டைகளும் நிறைந்தது, மேலே விழுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது வலிகாமம் பட்ட பாட்டை நாங்கள் மறந்திருக்க முடியாது. வளவுக்குள் கிணறு இருக்கும் வீட்டில் போத்தல் போத்தலாக அமிலம் ஊற்றுபவர் எப்படிப்பட்ட தொழிலாளி? ஹைப்போகுளோரைட்டும் அப்படி அள்ளி ஊற்றும் பொருள் அல்ல. அளவோடு தெளித்து, கழுவும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் மறிக்க வேண்டும்.

அதனால்தான் எங்கே போனாலும், கடைசியாகக் கழுவியவர்கள் என்ன போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று முதலில் கேட்கிறேன். அமிலம் மிஞ்சியிருக்கும் இடத்தில் ஹைப்போகுளோரைட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது சுவாசத்தைத் தாக்கும். அண்மையில் அமிலம் போட்டிருந்தால் முதலில் நிறையத் தண்ணீர், பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீர், மீண்டும் தண்ணீர் என்று கழுவி, வேறொரு நாளில்தான் வேலையைத் தொடங்குவேன்.

திருத்தக்கூடிய பழுதுகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பயமுறுத்திப் பணம் பிடுங்கக் கூடாது. இன்டர்லொக் கற்களுக்கு நடுவே இருந்த மணலை முன்பு வந்தவர் அடித்துக் கிளப்பியிருந்தால், கல் ஆடும், புல் முளைக்கும். கற்கள் நன்றாகக் காய்ந்த பிறகு காய்ந்த மெல்லிய மணலைக் கொட்டிப் பெருக்கி நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேற் துருவால் தரையில் வந்த செம்மஞ்சள் கறை அரிப்பு அல்ல, ஒக்சாலிக் அமிலத்துக்கு அது போகும். இதுவும் அமிலம்தான், ஆகவே கறையின் மேல் மட்டும், சிறிதளவு, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே.

முன்பு வந்தவரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. யார் செய்தார் என்று கேட்பதும் இல்லை. தரை உதிர்வதற்கு எப்போதும் கழுவியவர்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கழுவாத கடல் மணலில் குழைத்த சீமெந்து, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தாத தரை, மினுக்கத்துக்காக மேலே சீமெந்துப் பசையை மட்டும் தேய்த்துவிட்ட தரை எல்லாம் சாதாரண அழுத்தத்துக்கே பெயர்ந்துவிடும். பழுதைக் காட்டலாம், ஆளைக் காட்ட எனக்கு ஆதாரம் இல்லை. மேலும், இந்தப் பையன்களில் பலருக்கு மெசினை வாங்கிக் கொடுத்தவர்கள் நொசிலின் நிறத்தைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களில் அனுபவம் உள்ளவர்கள் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுக்க வேண்டும். தொழில் போட்டி என்று வாய் மூடி இருப்பது எங்கள் எல்லோருடைய பெயரையும்தான் கெடுக்கிறது.

அஸ்பெஸ்டஸ் கூரை கழுவக் கேட்டு அழைக்காதீர்கள். முன்பு ஒருவர் கழுவித் தந்திருக்கலாம். அந்தத் தகட்டின் மேற்பரப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், மறுபடி அடித்தால் நார் கிளம்பும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எவ்வளவு தந்தாலும் அதை நான் தொட மாட்டேன்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமானம் ஏறும் நாளில்தான் எங்களை நினைக்கிறார்கள். தயவுசெய்து ஒரு வாரமாவது முன்னதாக அழையுங்கள். ஒரு நாள் காய்ந்த தரையைப் பார்க்க வேண்டும், கண்ணில் படாத ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரம் கழுவி மறுநாள் அது காய்ந்ததும் உங்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். முன்பு கழுவியவர்கள் எந்தப் போத்தலைக் கொண்டுவந்தார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள், வெற்றுப் போத்தல் வளவுக்குள் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள். கிணற்றை மூடுவதற்கான தறப்பாளை நானே கொண்டு வருவேன்.