பத்து மணிக்குத் திறக்கிற குடோனுக்கு நாலு மணிக்கு ஏன் பறக்கணும்?

போன வாரம் அக்கா ஃபோன் செய்து ஒரே ஒரு உதவி கேட்டாள். "நீ சொன்னாத்தான்டா அவன் கேப்பான். லாரி வேண்டாம்னு சொல்லு." அவள் மகனுக்கு 24 வயது. மூன்று வருடம் மினி லாரி ஓட்டியவன், இப்போது ஹெவி லைசென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பர்மிட் வண்டிக்குப் போகிறேன் என்று நிற்கிறான்.

நான் 22 வருடம் ஸ்டியரிங் பிடித்தவன். முதுகில் டிஸ்க் நகர்ந்த பிறகு, ஐந்து வருடமாகச் சங்ககிரியில் ஒரு புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் ராத்திரி மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு "எங்கப்பா வர்றே?" என்று கேட்டவர்களின் நாற்காலியில் இப்போது நானே இருக்கிறேன். வீடு கட்டியதும் பெண்ணைப் படிக்கவைத்ததும் லாரிக் காசில்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மற்ற பையன்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூக்கம். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

2009-ல் நாசிக் பக்கமிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் நாள் ராத்திரியும் சரியான தூக்கமில்லை. "விடியறதுக்குள்ள மண்டிக்கு வந்துடணும்" என்று ஓனர் நாலு தடவை ஃபோன். சித்ரதுர்கா தாண்டி, அதிகாலை நாலே கால் இருக்கும். கண் மூடியது எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். ரோட்டோரம் லைட் இல்லாமல் நின்ற ஒரு லாரியின் பின்னால் எங்கள் கேபினின் இடது பாதி போய்ச் செருகியிருந்தது. கிளீனர் பையன் இரண்டு மணிக்கே பின் பலகைக்குப் போய்ப் படுத்திருந்ததால் பிழைத்தான். அந்த வெங்காயம் வேறு வண்டியில் மாற்றி இரண்டு நாள் கழித்துத்தான் மண்டிக்கு வந்தது. வந்த அன்றைக்கு நல்ல விலைக்கே போனது.

இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது. அவசரம் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பாதி பொய். வேண்டுமென்று சொல்லும் பொய்யில்லை, பழக்கத்தில் வருவது. சரக்கு அனுப்பும் பார்ட்டி எங்களைக் கேட்பார், நாங்கள் டிரைவரைக் கேட்போம். ஆனால் வண்டி காலை நாலு மணிக்குப் போய் நின்றாலும் குடோன் திறப்பது பத்து மணிக்கு. சுமைக்காரர்கள் டீ குடித்துவிட்டு வர பதினொன்று. வரிசையில் முன்னால் ஆறு வண்டி இருந்தால் அன்றைக்கு முழுக்க அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடக்கிற நேரத்தில் இரண்டு மணி நேரத்தை ராத்திரியே ரோட்டில் தூங்கிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால் அவனிடம் சொன்னேன்: லோடு எடுக்கும்போதே "இறக்குற இடம் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேள். தூக்கத்தைக் கணக்குப் போட்டு, வந்து சேரும் நேரத்தை நீயே சொல். "தூங்கிட்டு வர்றேன்" என்று சொன்ன டிரைவரை நான் திட்டியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை.

இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடம்பு தூங்கத்தான் பார்க்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பதெல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஹான்ஸ் புகையிலையும் பீடியும் வாயைத்தான் விழிக்க வைக்கும். கடந்துபோன ஊர் ஞாபகம் இல்லை, வண்டி தானாகக் கோட்டைத் தாண்டுகிறது என்றால் அப்போதே ஓரம் கட்டிவிட வேண்டும். ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுப்பது நல்ல வழி. டீ வேலை செய்ய ஆரம்பிப்பதற்கும் எழுந்திருப்பதற்கும் சரியாக இருக்கும். அதுவும் அந்த நேரத்தைத் தாண்டத்தான், முழுத் தூக்கத்துக்குப் பதிலாகாது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். நாளுக்கு 8 மணி நேர வேலை, நீண்ட தூரம் என்றால் அனுமதியோடு 10 மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு அரை மணி ஓய்வு. என் 22 வருடத்தில் ஒரு நாள்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

ராத்திரி ஏழு மணி நேரம் படுத்தும் பகலில் தூக்கம் சொக்குகிறதா? கழுத்து தடித்து, குறட்டை பலமாக விட்டு, நடுவில் மூச்சுத் திணறி எழுகிறாயா? அது சோம்பல் இல்லை, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் வைத்தியம் இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனையோ பேரைப் பார்த்து "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான், கொடுத்து வச்சவன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நிறுத்துவதையும் ஒழுங்காக நிறுத்த வேண்டும். நான் இடித்தது நின்ற வண்டியில்தான். தூங்க வேண்டுமென்றால் டோல் பக்கத்து லாரி நிறுத்தமோ, பெட்ரோல் பங்கோ. சில பங்குகளில் இப்போது டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் வைத்திருக்கிறார்கள். பிரேக் டவுன் ஆகி ரோட்டிலேயே நின்றுவிட்டால் நாலு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு ஒட்டி வைக்காமல் நன்றாகத் தள்ளிப் பின்னால் வை. பக்கத்தில் வைத்தால், வருகிறவன் அதையும் உன்னையும் ஒன்றாகத்தான் பார்ப்பான். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. நிழல் என்று லாரிக்கு அடியில் மட்டும் படுக்காதே. வடக்கே குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அடுப்பை எரியவிட்டும் தூங்காதே. அதில் வரும் விஷ வாயுவுக்கு வாசனைகூட இருக்காது, எழுந்திருக்க மாட்டாய்.

அடுத்தது தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற அந்தக் கணவாயில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டைக் குறை சொல்கிறோம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டீ கடையில் பேசாத ஒன்று உண்டு. டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று ஓனர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார், மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. அந்த மிச்சத்துக்காக இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறோம். இன்ஜின் பிடிமானம் போய்விடும், முழு எடையும் பிரேக் தலையில். டிரம் சூடேறிக் கருகல் வாசனை வரும்போது லைனிங் பிடிக்காது. மிதித்து மிதித்து பிரேக்குக்கான காற்றும் இறங்கிவிடும். இதில் பெரிய கூத்து என்னவென்றால், இப்போது வருகிற இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எண்ணெய் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடித்தது பூஜ்ஜியத்துக்கும் கீழே. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறை. ஓவர்லோடு கேஸ் விழுந்தால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். "அதை நான் பார்த்துக்கறேன்" என்று ஓனர் சொல்வார். அபராதத்தை அவர் பார்த்துக்கொள்வார், சரி. இறக்கத்தில் பிரேக்கை யார் பார்த்துக்கொள்வது?

சின்ன விஷயங்களில் உடம்பு போகும். கேபினிலிருந்து குதித்து இறங்கியே என் முட்டி தேய்ந்தது. வண்டியைப் பார்த்தபடி, பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து இறங்கு. தார்ப்பாய் கட்ட மேலே ஏறும் முன் தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா என்று பார். ரிங் போட்ட வீலுக்குக் காற்றடிக்கும்போது முன்னால் நிற்காதே. அந்த ரிங் கழன்று பறந்தால் தலையே இருக்காது.

உடம்பைப் பற்றிச் சொன்னபோது பையன் சிரித்தான். 24 வயதில் நானும் சிரித்திருப்பேன். ஒன்றுக்குப் போக நிறுத்த வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, சிறுநீரகக் கல் வந்து, கர்னூலில் ரோட்டோரம் உருண்டவன் நான். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் மூலம் வரலாம். ராத்திரி நாலு புரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் கண் செருகும். நம் ஊர் வண்டிகளில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கும் பழக்கத்தை விடாதே. ரசம் சோறும் முட்டையும் போதும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். "ஏ.சி. போட்டா தூங்கிடுவானுங்க" என்று சொல்லும் ஓனர்களை, ஒரு மே மாதம் நாக்பூர் வரை பழைய கேபினில் கூட்டிப்போக ஆசை.

சர்க்கரையை மறைக்கிறார்கள். ஓனருக்குத் தெரிந்தால் வண்டி கொடுக்க மாட்டார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓட்டினால், சர்க்கரை சடாரென இறங்கி கை நடுங்கும், நினைவே தப்பலாம். "நான் லாரி டிரைவர், சாப்பாடு நேரம் நிலையில்லை" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். டேஷ்போர்டில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்.

இன்னொன்றையும் மாமன் என்ற கூச்சத்தை விட்டுச் சொன்னேன். ஒரு காலத்தில் நாமக்கல் பேரைச் சொன்னாலே லாரியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும். என்னோடு ஓட்டிய மூன்று பேரை இழந்திருக்கிறேன். ஆணுறை இல்லாமல் எங்கேயும் போகாதே. சந்தேகம் வந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ரகசியமாக, இலவசமாகப் பரிசோதிக்கலாம். மருந்தும் இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்று அவனே கேட்டான். 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியது இதற்காகத்தான். மோதி ஒருவர் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருடம் வரை சிறை என்ற பிரிவு புதிய குற்றவியல் சட்டத்தில் வந்தது. 2024 ஜூலையில் சட்டம் அமலானபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அதற்காக ஓடலாம் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134-ம் பிரிவு, அடிபட்டவருக்கு வைத்திய உதவி செய்யச் சொல்கிறது. கூட்டம் அடிக்க வந்தால் விலகிப்போகவும் அதிலேயே இடம் இருக்கிறது. ஆனால் முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். 108-க்குக் கூப்பிட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போ. கூப்பிட்ட நேரம் உன் ஃபோனிலேயே இருக்கும்.

நீயே அடிபட்டால் இழப்பீடு கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வண்டியில் நீ வேலை பார்த்தாய் என்று காட்ட ஏதாவது வேண்டும். சம்பளத்தை, கொஞ்சமாவது, பேங்க் மூலம் வாங்கு. டிரிப் ஷீட்டை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பு. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள். பேங்க்கில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஒரு டீயும் வடையும்தான்.

கடைசியாக, எந்த வண்டிக்குப் போவது. முதல் வருடம் தனியாகப் போகாதே, டபுள் டிரைவர் வண்டியில் வயதான ஒருவரோடு போ. படிக்காசு குறையும், பரவாயில்லை. அதற்கப்புறம் கேஸ் டேங்கரைப் பார். மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் குறிப்பு வாங்க வேண்டும், அதைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பயிற்சி. ஆனால் லோடும் வழியும் ஓரளவு நிலையானவை. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனால் கையில் காசு சேரும், ஆனால் மாதக்கணக்கில் வீட்டு முகம் பார்க்க முடியாது, கல்யாணத்துக்கு முன்பு மட்டும் சரி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனி கிடைத்தால், மாதம் இரண்டாயிரம் குறைந்தாலும் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். வளைகுடா ஆசை இருந்தால் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் கேள். ஏஜென்ட் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. லட்சம் கேட்கிறவனிடம் பாஸ்போர்ட்டை நீட்டாதே. அங்கே போனாலும் அந்த ஊர் லைசென்ஸ் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

சொந்த லாரியைப் பற்றித்தான் அவன் அதிகம் கேட்டான். பத்து வருடம் பொறு என்றேன். கடன் டியூ, இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி., டயர் எல்லாம் ஒரே மாதத்தில் கை நீட்டும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நாலு நாள் நின்றால் அந்த மாதமே போச்சு. இப்போது ராத்திரி மூன்று மணிக்கு ஃபோன் அடித்தால் எடுக்காமல் விடலாம். சொந்த வண்டி எடுத்துவிட்டால் அந்த ஃபோன் உன் தலைக்குள்ளேயே அடிக்கும், அதைக் கட் செய்ய முடியாது.

இரண்டு மணி நேரம் கேட்டான். கடைசியில் "அப்போ டபுள் டிரைவர் வண்டி ஒண்ணு பாத்துக் கொடுங்க மாமா" என்றான். பார்த்துக் கொடுத்தேன். சனிக்கிழமை கிளம்புகிறான், இந்தூருக்கு ஜவ்வரிசி. குடோன் காலை பத்தரைக்குத்தான் திறக்குமாம், அவனே விசாரித்துவிட்டான். அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.