லாவெண்டரை அடிக்கட்டை வரை வெட்டாதீர்கள்

இங்கிலாந்தின் பழைய மூலிகைத் தோட்டங்களைப் பராமரிக்கும் ஊர்க் குழுக்களுக்குக் கோடை முடிந்தாலே வயிறு கலங்கும். ஆர்வமுள்ள யாராவது கத்தரியோடு வந்து லாவெண்டரை அடிக்கட்டை வரை வெட்டிவிடுவார். ரோஜா அப்படி வெட்டினாலும் துளிர்க்கும். லாவெண்டரின் முற்றிய பழுப்புக் கட்டை பெரும்பாலும் துளிர்ப்பதே இல்லை! பூ ஓய்ந்ததும், ஆகஸ்ட் கடைசியில், பூத்தண்டோடு பச்சைத் தளிரில் இரண்டு மூன்று செ.மீ. எடுத்தால் போதும். கட்டைக்கு மேல் இலையுள்ள பச்சை கட்டாயம் நிற்க வேண்டும்.

இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டிய பழங்காலப் பாத்தியில் ஒரு செடி செத்தாலும் வரிசை பல்லிழந்த வாய்தான். 'ஹிட்கோட்' மாதிரி ரகத்தை விதையிலிருந்து வளர்த்தால் உயரமும் நிறமும் மாறும். அதனால் அதே ரகச் செடியிலிருந்து பூக்காத தளிராக 8–10 செ.மீ. வெட்டி, கீழிலைகளை நீக்கி, கரட்டு மணல் தாராளமாகக் கலந்த மண்ணில் நட்டு வேர்பிடிக்க வைக்க வேண்டும். அது பக்கத்துச் செடியின் உயரத்தை எட்ட இரண்டு மூன்று ஆண்டாகும்.

அந்த இளஞ்செடிக்கு இன்னொருவர் வந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். நன்றாக வேரூன்றிய பிறகு அது தேவையே இல்லை. பனியைவிட, குளிர்காலத்தில் தேங்கும் ஈரம்தான் லாவெண்டரை அதிகம் கொல்கிறது. களிமண் பாத்தியென்றால் முதலில் மேடாக்குங்கள், பிறகு நடுங்கள்.